பூட்டுக்காரர் கண்ணயர்ந்த மதியம்

வானத்திலிருந்து வந்தவர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டபோது பூட்டுக்காரருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். அதுவும் ஊரைப் பிடித்ததற்காக இல்லை. பூட்டுக்காக.

கதவை உடைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வந்தவன் பூட்டின் மேல் ஒரு விரலை வைத்தான், அவ்வளவுதான். வளர்த்தவனைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி பூட்டு வாயைத் திறந்துவிட்டது. அந்தத் தெருவில் பாதிக் கதவுகளில் தொங்கியது அவர் கையால் செய்த பூட்டு. கள்ளச்சாவிக்கும் கம்பிக்கும் மசியாது என்று சொல்லிச் சொல்லி விற்றது. ஒன்றுகூட மானத்தைக் காப்பாற்றவில்லை.

"ஒரு பூட்டாவது கொஞ்சம் முறைச்சுக்கிட்டு நின்னிருக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"உங்களை மாதிரியா?" என்றாள் அவள். மூச்சு வாங்கினாலும் அவளுக்கு வாய் மட்டும் குறையவில்லை.

வந்தவர்களுக்குத் தெரு வைத்த பெயர் நெட்டையன்கள். மடக்கி வைத்த குடை மாதிரி உடம்பு. வாசலில் நுழைய இரண்டு இடத்தில் மடிய வேண்டும். மழையில் நனைந்த சிலேட்டு நிறம். பேச்சு கிடையாது. நடந்தால் சத்தமும் கிடையாது. சண்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. ராணுவம் வண்டி வண்டியாக வந்தது, வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன, ராணுவம் நடந்து வீட்டுக்குப் போனது. அப்புறம் நெட்டையன்கள் வீடு வீடாக ஏற ஆரம்பித்தார்கள்.

அடிக்கவில்லை, உதைக்கவில்லை. வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாமானாக வெளியே கொண்டுபோய் வைப்பார்கள். செருப்பு, வாளி, நாற்காலி, சுவரில் மாட்டிய படம், பல் போன சீப்பு, எல்லாம் வரிசையாக நிற்கும். கடைசியில் ஆட்கள். கீழே விழுந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்துவார்கள். ஊருக்கு வெளியே மைதானத்தில் கூடாரம் போட்டிருந்தது, அங்கே போக பஸ் காத்திருக்கும். வீடு காலியானதும் ஒரே ஒரு நெட்டையன் உள்ளே போவான். சொட்டுகிற குழாயில் துணியைச் சுற்றுவான். கடிகாரத்தை நிறுத்துவான். ஜன்னலைச் சாத்துவான். படுத்துத் தூங்கிவிடுவான்.

"தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தானுங்க? இதை அவன் ஊர்லயே செஞ்சிருக்கலாமே" என்றார் பூட்டுக்காரர்.

அதற்கும் ரேடியோவில் ஒரு படிப்பாளி பதில் வைத்திருந்தார். அவர்கள் தூங்கினால் மாசக்கணக்கில் தூங்குவார்களாம். அந்தத் தூக்கத்தில்தான் பழைய தோல் கழன்று புதுத்தோல் வருமாம். பாதியில் எழுப்பினால் உயிர் போய்விடுமாம். அதனால் தூங்குகிறவனை எழுப்புவதுதான் அவர்களிடையே கொலைக்குச் சமமான குற்றமாம். அவர்கள் இடத்தில் நிம்மதியாகக் கண்ணை மூட ஒரு மூலை மிச்சமில்லாமல் போய்தான் இப்படிக் கூரையும் கதவும் தேடிக் கிளம்பிவிட்டார்களாம்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தவன் மாதிரி அளக்கறான்" என்று பூட்டுக்காரர் ரேடியோவை அணைத்தார்.

அவர் எதை நம்பினார், இதை நம்ப? ஊரெல்லாம் அவரை நம்பிச் சாவியைக் கையில் கொடுத்தது. அவர் பதிலுக்கு ஒருத்தரையும் நம்பவில்லை. பால்காரரை நம்பமாட்டார், மீட்டர் பார்க்க வருகிறவரை நம்பமாட்டார், கடைத் தராசை நம்பமாட்டார், மழை வரும் என்று சொன்னால் அதையும் நம்பமாட்டார். படுத்தாலும் ஒரு காது கதவில்தான் இருக்கும். அவர் அசந்து தூங்கி அவர் மனைவி பார்த்ததே இல்லை. "உங்க பக்கத்துல படுக்கறதும் போலீஸ் ஸ்டேஷன்ல படுக்கறதும் ஒண்ணுதான்" என்பாள்.

வீடு கடைக்கு மேலே, மாடியில். முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. உள்ளறையில் ஜன்னலை ஒட்டி இரும்புக் கட்டில். கட்டிலில் அவள். பஞ்சு மில்லில் வேலை பார்த்த காலத்தில் உள்ளே போன தூசு நுரையீரலை அரித்துவிட்டது. தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடும், அதிலிருந்து மெல்லிசான குழாய் அவள் மூக்குக்குப் போகும். கரண்டில் ஓடுகிற மிஷின். கரண்டு போனால் கட்டிலை ஒட்டி மூலையில் நிற்கிற சிலிண்டரைத் திறந்துவிட வேண்டும். சிலிண்டரைத் திறக்கிற சாவி பூட்டுக்காரர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். சிலிண்டர் கசியும் என்று சந்தேகப்பட்டு, போகும்போதும் வரும்போதும் அதை இறுக்கி இறுக்கி வைப்பார்.

கூடாரத்தில் கரண்டு கிடையாது. டாக்டர் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "மிஷின் இல்லாம அவங்களால ஒரு நாள்கூடத் தாங்க முடியாது. எப்பாடு பட்டாவது வீட்டுலயே வச்சிருங்க." டாக்டரையும் நம்பாதவர்தான். இதை மட்டும் நம்பினார்.

அவர்கள் வீட்டுக்கு வந்த நெட்டையன் ஒரு காலைப் பொழுதில் வந்தான். பூட்டுக்காரர் பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வழியில் நின்றார். நெட்டையன் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலே உள்ளறைக் கட்டிலைப் பார்த்தான். அவள் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். அவன் அப்படியே இரண்டு மடிப்பாக மடிந்து, வைத்த காலைச் சத்தமில்லாமல் பின்னால் எடுத்து, வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அவள் இருமிக்கொண்டு எழுந்ததும் உள்ளே வந்தான். செருப்பு வைக்கிற பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் திரும்பவும் அசந்தாள். கையிலிருந்த வாளியோடு நின்றுவிட்டான்.

அப்போதுதான் பூட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது. புரிந்தது அவருக்கு மட்டும் இல்லை. வீட்டில் ஒருத்தர் தூங்கிக்கொண்டே இருந்தால் நெட்டையன் வரமாட்டான் என்று ஒரே நாளில் தெருவெல்லாம் பரவிவிட்டது. அதற்கப்புறம் தெரு தெருவாகவே இல்லை. குக்கர் விசிலை எடுத்து ஒளித்து வைத்தார்கள். தூக்க மாத்திரை கடையில் தீர்ந்துபோனது. மூன்றாம் வீட்டு மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்தார், வேலைவெட்டி இல்லாமல் தூங்கியே காலத்தை ஓட்டுகிறார் என்று மாமனாரிடம் தினம் வசவு வாங்குகிறவர். இப்போது அவருக்கு வந்த மவுசு! கூட்டிப் போய் மெத்தை விரித்து, கால் அமுக்கி, "மாப்பிள்ளை, தயவுபண்ணி எங்க வீட்டுல ஒரு மணி நேரம்" என்று கெஞ்சினார்கள். மாமனாரே விசிறி எடுத்து வீசினார்.

பூட்டுக்காரர் மனைவியும் அவரை வரவழைத்தாள். வந்தார், முன்னறையில் படுத்தார், படுத்த வேகத்தில் தூங்கிவிட்டார். பூட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தன் இப்படியா படுத்ததும் தூங்குவான்? ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ? சந்தேகம் பொறுக்கவில்லை. குனிந்து, மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "தம்பி, தூங்கறீங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். வெளியே நின்ற நெட்டையன் உள்ளே வந்து மேசையைத் தூக்கிக்கொண்டு போனான்.

"யோவ், உமக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல, நிஜமா தூங்கறீங்களான்னு..."

"இனிமே உம்ம வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்!" சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளறையிலிருந்து சிரிப்பும் இருமலுமாகச் சத்தம் வந்தது. "உலகத்துலயே தூங்கறவனை எழுப்பித் தூங்கறியான்னு கேட்ட ஒரே ஆளு நீங்கதாங்க."

அதற்குப் பிறகு எதிர்வீட்டுத் தையல்காரி உதவிக்கு வந்தாள். மனைவிக்குத் தங்கை முறையாகப் பழகினவள். மத்தியானம் வந்து கட்டிலடியில் சுருண்டு படுத்துவிட்டுப் போவாள். பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் தட்டாமல் இருந்தார். ஆனால் ஒரு நாள் அவள் வீட்டில் எல்லாரும் விழித்திருந்த நேரம் பார்த்து நெட்டையன் முடித்துவிட்டான். தையல் மிஷினோடு அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் ஜன்னலிலிருந்து மாடியைப் பார்த்துக் கத்தினாள். "அத்தான்! அக்காவைப் பாத்துக்குங்க! நீங்களும் கொஞ்சம் தூங்குங்க!"

தூங்குவதாம். சொல்வது சுலபம். அவளோ கோழித்தூக்கம் தூங்குகிறாள், இருமல் வந்து எழுப்பிவிடும். எழுப்பின ஒவ்வொரு தடவையும் முன்னறையில் ஒரு சாமான் குறையும். மாடிப்படி முழுக்க அவர்கள் குடும்பம் வரிசையாக நின்றது: நாற்காலி, அரிசி டப்பா, கண்ணாடி, கல்யாணத்தில் எடுத்த படம். படத்தை அவன் சுவர் பக்கம் திருப்பாமல், பார்க்கிற மாதிரி வைத்திருந்தான்.

"அந்தத் தம்பிக்குப் பொறுப்பு இருக்கு பாருங்க. ஒண்ணையும் கீழ போடல" என்றாள் மனைவி.

"தம்பியாம் தம்பி! வீட்டைப் பிடுங்க வந்தவனுக்கு முறை வைக்கிறியா?"

"அவனும் பாவம், நின்னுக்கிட்டே இருக்கான். தோல் எப்படி வெடிச்சிருக்கு பாத்தீங்களா? தூக்கம் இல்லாமதானே?"

பார்த்தார். உண்மைதான். முழங்கை மடிப்பில் சிலேட்டு நிறம் வெளுத்து, காய்ந்த குளம் மாதிரி விரிந்திருந்தது. பார்த்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

முன்னறை காலியான மத்தியானம் வந்தது. உள்ளறையில் கட்டில், மிஷின், சிலிண்டர், ஒரு முக்காலி, அவர்கள் இருவர். அவளுக்கு அன்றைக்கு மூச்சு ரொம்ப வாங்கியது, பொட்டுத் தூக்கம் வரவில்லை. நெட்டையன் உள்ளறை நிலைப்படிக்கு வந்துவிட்டான்.

பூட்டுக்காரர் சட்டென்று தரையில் விழுந்து கண்ணை மூடிக் குறட்டை விட்டார்.

நெட்டையன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்புறம் அவரைத் தாண்டிக் கால் வைத்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.

"மரம் அறுக்கற மில்லு மாதிரி இரைஞ்சா எவன் நம்புவான்?" என்றாள் அவள். சிரிக்க மூச்சில்லை, கண் மட்டும் சிரித்தது. பிறகு அதுவும் நின்றது. "என்னங்க, நிஜமாவே தூங்குங்க."

"நான் தூங்கிட்டா உன்னை யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கறேன்."

"நீயா? உக்காரவே ரெண்டு பேரு வேணும் உனக்கு."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? உங்களைப் பாக்கறதுக்கு நுரையீரல் எதுக்கு?" கையை நீட்டினாள். "அந்தச் சாவியைக் கழட்டிக் குடுங்க. கரண்டு போனா நான் திறந்துக்கறேன்."

அவர் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். படியில் அவன் முக்காலியை இறக்குவது தெரிந்தது. அடுத்து வந்தால் மிஷின்தான்.

"ஆயுசுக்கும் கதவைப் பாத்தீங்க, சாவியைப் பாத்தீங்க. எவனாவது வந்தானா? வந்தவன் விரலால திறந்துட்டுப் போறான்" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை என்னை நம்பித் தூங்குங்களேன். கல்யாணம் பண்ணினதுக்கு நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

கயிற்றைக் கழற்றினார். கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தார். அவள் கை மேலேயிருந்து தொங்கி அவர் தலைமயிருக்குள் போனது. நெட்டையன் வந்து மிஷின் மேல் கை வைத்ததைப் பார்த்தார். எழுந்து பாய உடம்பு துடித்தது. தலையில் இருந்த விரல் லேசாக அழுத்தியது. கண்ணை மூடினார். இவள் பார்த்துக்கொள்வாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை சொல்லும்போது பாதியில் எங்கேயோ நழுவிப் போய்விட்டார்.

விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. வாயோரம் எச்சில் வடிந்திருந்தது. தலையில் கை இல்லை. மிஷின் ஓடவில்லை.

அடித்துப் பிடித்து எழுந்தார். "ஏய்! இந்தாம்மா!"

"கத்தாதீங்க" என்றாள் அவள். சிலிண்டரிலிருந்து காற்று மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. குழாய் அதில் மாட்டியிருந்தது. அவள் உதட்டில் நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் மூச்சு சீராக இருந்தது.

"கரண்டு எப்பப் போச்சு? நீ எப்படித் திறந்தே?"

"எங்க திறக்கறது? எட்டி உக்காந்து, சாவியைப் போட்டு, உள்ள பலமெல்லாம் குடுத்துத் திருகினேன். அசையல. எந்தப் புண்ணியவான் அப்படி இறுக்கி வச்சானோ!"

பூட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னை எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பியிருந்தா வீடு போயிருக்கும். அதுவும் இல்லாம..." கொஞ்ச நேரம் மூச்சு எடுத்துக்கொண்டாள். "நீங்க தூங்கி இன்னிக்குத்தாங்க பாக்கறேன். வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி. எழுப்ப மனசு வரல."

"பைத்தியமா நீ?"

"அவன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். கண்ணு இருட்டிக்கிட்டு வருது எனக்கு. தூங்கற வீட்டுக்குள்ள அவனுங்க கால் வைக்கமாட்டானுங்கல்ல? இவன் வச்சான். உங்க மேல நிழல்கூட விழாம சுவரோட ஒட்டிக்கிட்டு வந்தான். என் கையில இருந்து சாவியை எடுத்தான். திறந்து, குழாயை அதுல மாட்டிட்டு, சாவியைத் திரும்ப என் கையிலயே வச்சு மூடிட்டுப் போனான். நீங்க மூடின மாதிரியே."

பூட்டுக்காரர் சிலிண்டரைப் பார்த்தார். திருகின இடத்தில் விரல் தடம் ஈரமாக இருந்தது. தூக்கத்தில் தலைக்கு மேல் அப்படி ஒரு ஆள் நடந்து போயிருக்கிறான், இவருக்கு ஒரு ரோமம்கூடச் சிலிர்க்கவில்லை.

"இப்ப நான் முழிச்சுட்டேனே" என்றார். "நீயும் முழிச்சிருக்கே. அவன் எங்க?"

அவள் முகவாயால் வாசலைக் காட்டினாள்.

காலியான முன்னறையைத் தாண்டி, வாசல் நிலைப்படியில் நெட்டையன் படுத்திருந்தான். நீளமான உடம்பை மூன்றாக மடித்து, கதவுக்கும் படிக்கும் நடுவே அடைத்துக்கொண்டு. முழங்கை வெடிப்பில் பழைய தோல் காகிதம் மாதிரி மேலே எழும்பத் தொடங்கியிருந்தது. தூங்கிவிட்டான். மாசக்கணக்கான தூக்கம்.

அவர் அங்கேயே நின்றார். ஊரில் எத்தனையோ காலி வீடுகள், சாத்தின ஜன்னல், நிறுத்தின கடிகாரம். அதையெல்லாம் விட்டுவிட்டு இருமுகிற ஒரு பெண்ணும், கத்துகிற ஒரு கிழவனும், இரைகிற ஒரு மிஷினும் இருக்கிற வீட்டு வாசலில் எந்தத் தைரியத்தில் கண்ணை மூடினான் இவன்? எழுப்பினால் செத்துப்போவானே. ஒரு தட்டு கீழே விழுந்தால் போதுமே. யாரை நம்பி?

படியில் இரண்டு நெட்டையன்கள் ஏறி வந்தார்கள். இந்த வீடு இன்னும் முடியவில்லையே என்று பார்க்க வந்திருப்பார்கள். சாமான்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்தவர்களில் ஒருவன் கால் அரிசி டப்பாவில் பட்டு, டப்பா லேசாகக் கிணுங்கியது.

"உஷ்ஷ்!" என்றார் பூட்டுக்காரர், உதட்டில் விரலை வைத்து. கண்ணில் நெருப்பு.

இருவரும் நின்றார்கள். நிலைப்படியில் கிடந்தவனைப் பார்த்தார்கள். அவர் விரலைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு மடிப்பாக மடிந்து, பின்பக்கமாகவே படி இறங்கிப் போய்விட்டார்கள். ஆள் தூங்குகிற வீடு. இனி அதில் எவனுக்கும் வேலை இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. மிஷின் "பீப்" என்று அலறியது. பூட்டுக்காரர் பாய்ந்து போய்த் தலையணையை அதன் வாயில் அமுக்கினார். அலறல் அடங்கினதும் குழாயை மிஷினுக்கு மாற்றி, சிலிண்டரை மூடினார். இந்தத் தடவை இறுக்கவில்லை. அவள் கையை எடுத்துத் திருகச் சொல்லி, அவளுக்குத் திறக்க வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"படியில இருக்கற சாமானெல்லாம் எப்ப எடுத்து உள்ள வைக்கிறது?" என்று வழக்கமான குரலில் கேட்டாள் அவள்.

"மெல்லப் பேசு" என்றார் அவர். "தம்பி தூங்கறான்."

போர்வை ஒன்றுதான் உள்ளே மிச்சம் இருந்தது, அவள் கால்மாட்டில். அதை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போய் நெட்டையன் மேல் போர்த்தினார். பாதிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார், இருப்பது அவ்வளவுதான்.

அப்புறம் கதவு. காற்றடித்தால் கீச்சென்று கத்துகிற கதவு. திருடன் வந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று வேண்டுமென்றே அவர் எண்ணெய் போடாமல் வைத்திருந்தது. அவனைத் தாண்டி எட்டிப் படியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். ஒவ்வொரு கீலுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டு, அசைத்துப் பார்த்தார். கத்தவில்லை. பூட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, இடித்துவிடாமல், ஜன்னலோரம் ஒரு துணி மேல் வைத்தார்.

திரும்பி வந்து கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார். ஒரு பெரிய கொட்டாவி வந்தது. சத்தம் வராமல் கையால் பொத்திக்கொண்டார்.